ஊசாமல், திரியாமல், சிக்குப் பிடிக்காமல்

சமையலறையில் ஒரு பண்டம் கெட்டுவிட்டதா இல்லையா என்பதை நம் வீடுகளில் பெரும்பாலும் மூக்குதான் முடிவு செய்கிறது. முகர்ந்து பார்ப்போம். "வாடை ஒன்றும் இல்லையே" என்று ஒரு கொதி கொதிக்க வைத்துப் பரிமாறிவிடுவோம். மூக்கை நம்பலாம்தான், ஆனால் ஓரளவுக்கு. வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளில் பல வாடையே காட்டாது. இன்னொரு பக்கம், கெடாத பொருளைக் கெட்டதாக நினைத்துக் குப்பையில் கொட்டுவதும் தாராளமாக நடக்கிறது. 2022-இல் உலகம் முழுக்க வீணான உணவில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்கு. எதைக் காப்பாற்றலாம், எதை யோசிக்காமல் தூக்கிப் போடலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கடையிலிருந்து வரும்போது பாக்கெட் பாலைக் கடைசியாக வாங்குங்கள். வீட்டுக்குள் வந்ததும் முதலில் உள்ளே வையுங்கள். 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கிக் குளிர வைத்துத்தான் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். அதில் எல்லாக் கிருமிகளும் சாவதில்லை. மிச்சம் இருப்பவை வெளிச்சூட்டில் பெருகிப் பாலைப் புளிக்க வைக்கும். புளிப்பு ஏறிய பால் அடுப்பில் வைத்ததும் திரியும். காலையில் மிஞ்சிய பாலோடு மாலைப் பாலைக் கலப்பதுதான் பல வீடுகளில் பால் திரிவதற்குக் காரணம். பால் மேல் சந்தேகம் வந்தால் ஒரு குழிக்கரண்டி பாலை மட்டும் தனியாகச் சுட வைத்துப் பாருங்கள், டிகாக்‌ஷன் வீணாகாது. அப்போதுதான் திரிந்த பால், கசப்பும் துர்நாற்றமும் இல்லாமல் இருந்தால் வடிகட்டிப் பன்னீராக்கலாம். நூல் நூலாக இழுபட்டால் கொட்டிவிடுங்கள்.

2. சோறு. இதைத்தான் நாம் ரொம்பச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் உலை கொதியிலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு 121 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாதது. அதனால் மத்தியானச் சோற்றை ராத்திரி சூடு பண்ணிவிட்டால் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணிக்குள் வாந்தி எடுத்தால் பெரும்பாலும் இந்த வகைதான். சோற்றில் வாடையும் இருந்திருக்காது, கொழகொழப்பும் இருந்திருக்காது.

செய்ய வேண்டியது எளிது. மிஞ்சும் என்று தெரிந்த சோற்றை குக்கரிலேயே மூடி வைக்காமல் அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆற விடுங்கள். ஆறியதும் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை; 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

அப்படியானால் பழைய சோறு? அது வேறு கணக்கு. தண்ணீர் ஊற்றிய சோற்றில் தயிரில் இருப்பது போன்ற நல்ல நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பு ஏற்றும். அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை அடக்கும். ஆனால் இதற்கு ஒழுங்கு வேண்டும்: அன்றே வடித்த சோறு, சீக்கிரம் ஆற வைத்தது, முழுக்க மூழ்கும்படி தண்ணீர், சுத்தமான சட்டி, மறுநாள் காலையிலேயே சாப்பிடுவது. மத்தியானம் முழுக்க மேஜையில் கிடந்து, ராத்திரி பலர் கை பட்ட சோற்றில் பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது.

3. இட்லி மாவு புளித்துவிட்டால் அது கெட்டது இல்லை. வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ ஆக்கலாம். கொஞ்சம் அரிசி மாவோ ரவையோ கலந்தால் புளிப்பு அடங்கும். மாவின் மேலே இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு என்று புள்ளி தெரிந்தால் மட்டும் மேலாக வழித்துவிட்டு மிச்சத்தை ஊற்றப் பார்க்காதீர்கள், மொத்தத்தையும் கொட்டுங்கள். கோடையில் அரைத்த மாவைப் பெரிய ஒரே பாத்திரத்தில் வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து வைப்பது நல்லது. வெளியே எடுத்துக் கரண்டி போட்ட மாவைத் திரும்ப உள்ளே உள்ள மாவில் ஊற்றக் கூடாது.

4. எந்தக் குழம்பு முதலில் ஊசும்? தேங்காய் அரைத்து விட்டது எதுவும்: கூட்டு, அவியல், குருமா, மோர்க்குழம்பு. அவற்றை அன்றைக்கே முடித்துவிடுங்கள். பருப்பு சாம்பார் அடுத்தது. வற்றக்குழம்பும் புளிக்காய்ச்சலும் நின்று பேசும். புளி, உப்பு, எண்ணெய் மூன்றும் காவல், தண்ணீரும் சுண்டியிருக்கும். அந்தக் காலத்தில் ரயில் பயணத்துக்குப் புளியோதரை கட்டியதன் ரகசியம் இதுதான். கட்டும்போது ஆவி போன பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்க்கும் தண்ணீர் சோற்றில் சொட்டி, அந்த இடத்திலிருந்துதான் ஊசல் ஆரம்பிக்கும். ஓரத்தில் சின்னச் சின்ன நுரைக்குமிழ், கரண்டியால் தூக்கினால் நூல் விடுவது, இரண்டில் ஒன்று தெரிந்தாலும் ருசி பார்க்க வேண்டாம்.

மிச்சக் குழம்பை முழுச் சட்டியோடு வேளைக்கு ஒருமுறை கொதிக்க வைப்பதை விட, வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சூடு செய்வது மேல். சாப்பிடும் தட்டில் பட்ட கரண்டியைச் சட்டியில் விடாமல் இருந்தாலே ஒரு வேளை கூடுதலாகத் தாங்கும்.

5. தேங்காயை உடைத்ததும் கண் உள்ள மூடியை முதலில் செலவழியுங்கள். அதுதான் சீக்கிரம் அழுகும். மற்ற மூடியின் உள்பக்கம் லேசாக உப்புத் தடவி ஃப்ரிட்ஜில் கவிழ்த்து வைக்கலாம். விரலால் தடவிப் பார்த்து வழுவழுப்பாக இருந்தாலோ, மஞ்சளோ இளஞ்சிவப்போ பூத்திருந்தாலோ சுரண்டிவிட்டுத் துருவுவது வேண்டாம். நிறைய உடைத்துவிட்டால் அன்றைக்கே துருவி ஃப்ரீசரில் போடுவதுதான் சரி. உடைக்காத காயைக் குடுமியோடு, குடுமி மேலே பார்க்க நிறுத்தி வையுங்கள்.

6. எண்ணெய்ச் சம்படத்தின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு படலம் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டி முகர்ந்தால் சிக்கு வாடை அடிக்கும். காற்றும் சூடும் வெளிச்சமும் பட்டுப் பழுதான எண்ணெய் அது. ஒவ்வொரு முறை சாய்க்கும்போதும் புது எண்ணெய் அதன் மேல் பட்டுத்தான் வழிகிறது. மேலே மேலே ஊற்றி நிரப்பும் பழக்கத்தை விடுங்கள். சம்படம் காலியானதும் கழுவி, வெயிலில் ஈரம் போகக் காய வைத்து, அப்புறம் ஊற்றுங்கள். அடுப்புக்குப் பக்கத்து மேடைதான் கைக்கு எட்டும் இடம், ஆனால் எண்ணெய்க்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது.

நல்லெண்ணெய் மற்றவற்றைவிட அதிக நாள் தாங்கும். காற்றால் கெடுவதைத் தடுக்கும் பொருள்கள் எள்ளிலேயே இருக்கின்றன. தேங்காய் எண்ணெய்யில் சுமார் 90 சதவீதம் உறைகொழுப்பு, அதனால் காற்றுக்கு எளிதில் மசியாது. அதற்குப் பகை ஈரம். சரியாகக் காயாத கொப்பரையில் ஆட்டிய எண்ணெய் சில வாரங்களிலேயே காறும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளையாகிவிட்டதென்று கலப்படம் என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. 24 டிகிரிக்குக் கீழே அது உறைவது இயல்பு.

பொரித்த எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெய்யில் சேரும் பழுதான கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை உபயோகிக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் விதி வைத்திருக்கிறது. வீட்டில் அளந்து பார்க்க வழியில்லை. நிறம் கறுத்தால், காயும்போதே நுரைத்தால், வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தால் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும்போதே வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்புக்குச் செலவழித்துவிடுவது நல்லது. புது எண்ணெய்யோடு கலந்து நாளைக் கடத்த வேண்டாம். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், காலிப் பால் பாக்கெட்டில் ஊற்றிக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

7. கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு வாங்கும்போது ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். தோல் மேல் கடுகில் பாதி அளவில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும் புள்ளிகள் தூசி அல்ல, பயறு வண்டின் முட்டைகள். பசை வைத்து ஒட்டியது போல் இருக்கும், தேய்த்தாலும் எளிதில் போகாது. சில நாளில் அதற்குள்ளிருந்து புழு நேராகப் பயறுக்குள் துளைத்துப் போய், தின்று வளர்ந்து, வண்டாகி ஒரு வட்ட ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். வண்டைப் பார்த்த பிறகு புடைப்பது தாமதமான வேலை. ஓட்டை விழுவதற்கு முன் முட்டையைக் கவனிக்க வேண்டும்.

உடைத்த பருப்பைவிட முழுப்பயறுதான் இந்த வண்டுக்கு இஷ்டம். அதனால்தான் முழுத் துவரைக்குச் செம்மண் கட்டிக் காய வைத்தார்கள். எண்ணெய் தடவுவதற்கும் காரணம் உண்டு: கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி ஆமணக்கு எண்ணெய்யை உள்ளங்கையில் விட்டுப் பிசறினால், முட்டைக்குக் காற்று போகாது. இதெல்லாம் முடியாத அடுக்ககங்களில் ஃப்ரீசர் இருக்கிறது. வாங்கிய பயறையும் ரவையையும் நான்கு நாள் உள்ளே வைத்து எடுங்கள், முட்டையோடு சேர்த்து எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஈரம் படியும். வெயிலில் காய வைத்த பருப்பையும் சூடு ஆறிய பிறகுதான் டப்பாவில் அடைக்க வேண்டும். அரிசியைக் கடும் வெயிலில் போடக் கூடாது. மணி வெடித்து நொய்யாகும். நிழலில் காற்றாட விடுங்கள்.

நாலைந்து வண்டு தெரிகிறது என்பதற்காக மூட்டை அரிசியைக் கொட்ட வேண்டியதில்லை. சலித்து, புடைத்து, கழுவிச் சமைக்கலாம். மாவில் நூலாம்படை போலக் கட்டியிருந்தால் மட்டும் தயங்காமல் போட்டுவிடுங்கள். வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் போடுவது வண்டு வராமல் இருக்க ஓரளவு உதவும். வந்த வண்டை அவை விரட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

8. அரிசியில் போரிக் பவுடர் கலக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது கரப்பான் மருந்து, உணவில் சேர்க்க அனுமதி இல்லாத பொருள். கழுவினால் போய்விடும் என்ற தைரியம் வேண்டாம். பாச்சை உருண்டையும் அப்படித்தான், மளிகை அலமாரிக்குள்ளேயே வரக் கூடாது.

9. பூஞ்சணம் பூத்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் சிக்கனம் பிரெட்டிலும் கொப்பரையிலும் செல்லாது. கண்ணுக்குத் தெரியும் பச்சைத் திட்டு அதன் மேல்பாகம்தான். வேர் போன்ற இழைகள் உள்ளே ஓடியிருக்கும். 1960-இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. என்ன நோய் என்று தெரியாமல் திண்டாடி, கடைசியில் அவற்றுக்குப் போட்ட கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றார்கள். அதில் பூத்த பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். கல்லீரலைக் கெடுப்பது, நாள்பட்டால் புற்றுநோய் வரை கொண்டுபோவது. வறுத்தாலும் வேக வைத்தாலும் முழுதாக அழியாது.

நம் வீடுகளில் இது வர வாய்ப்புள்ள இடங்கள் நிலக்கடலை, கொப்பரை, மிளகாய் வற்றல், சோளம். கடலை வறுப்பதற்கு முன் முறத்தில் போட்டுச் சுருங்கியது, நிறம் மாறியது, பச்சைப் பொடி படிந்தது எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். வாயில் போட்ட கடலை கசந்தால் விழுங்காமல் துப்புங்கள். கெட்டதைப் புண்ணாக்கோடு சேர்த்து மாட்டுக்குப் போடுவதும் கூடாது, அந்த நஞ்சு பாலில் இறங்கும்.

10. ஊறுகாய் கெடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் ஈரக் கரண்டி. பெரிய ஜாடியிலிருந்து ஒரு வாரத்துக்கானதைச் சின்னப் பாட்டிலில் மாற்றிக்கொண்டு, ஜாடியைத் துணி கட்டி உயரத்தில் வைத்துவிடுங்கள். துண்டுகளுக்கு மேல் எண்ணெய் நிற்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய் ஊற்றலாம். உப்பைக் குறைத்து ஊறுகாய் போட்டால் அதை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். பச்சைப் பூண்டை வெறும் எண்ணெய்யில் போட்டு வெளியே வைக்கும் புதுப்பழக்கம் ஆபத்தானது. காற்று இல்லாத இடத்தில் வளரும் பொட்டுலிசக் கிருமிக்கு அது தோதான இடம். பூண்டு ஊறுகாய்க்குப் புளியோ எலுமிச்சையோ தாராளமாகச் சேர்ப்பது ருசிக்காக மட்டும் இல்லை.

11. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், ஒன்றின் ஈரத்தில் இன்னொன்று அழுகும். இரண்டுக்கும் ஃப்ரிட்ஜ் ஆகாது. உருளை அங்கே இனிப்பாகிவிடும், வறுத்தால் கருகும். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் சோலனின் என்ற கசப்பு நஞ்சு சேரும். லேசாக முளை விட்டிருந்தால் முளையைக் குடைந்து எடுத்துச் சமைக்கலாம். பச்சை பரவி, தொய்ந்தும் போயிருந்தால் வேண்டாம்.

12. வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் கறுக்கும். 13 டிகிரிக்குக் கீழே அதற்கு ஒத்துக்கொள்ளாது. உள்ளே நன்றாகத்தான் இருக்கும், கறுத்ததைப் பார்த்துத் தூக்கிப் போடாதீர்கள். பழுத்த சீப்பிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு பக்கத்துக் காய்களையும் முற்ற வைக்கும், தள்ளி வையுங்கள். கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலையைக் கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சமைக்கும்போது கழுவுங்கள்.

13. முட்டையைத் தண்ணீரில் போடுங்கள். படுத்தால் புதுசு, நிமிர்ந்து நின்றால் சீக்கிரம் செலவழிக்க வேண்டியது, மிதந்தால் தூரப் போட வேண்டியது. ஆம்லெட்டுக்கு உடைக்கும்போது ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து ஊற்றினால், ஒரு கூழ்முட்டைக்காக ஐந்து முட்டையை இழக்க வேண்டாம்.

14. மீன் வாங்கினால் வீட்டுக்கு வரும்வரை ஐஸ் இருக்க வேண்டும். முக்கியமாகக் காணாங்கெளுத்தி, சூரை, மத்தி. இவை வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும், எவ்வளவு வேக வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தடித்து, தலை வலித்தால் "மீன் எனக்கு ஒத்துக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் ஒத்துக்கொள்ளாதது அந்த மீன் கிடந்த வெயில். குடல், செவுளை எடுத்து, மஞ்சளும் உப்பும் தடவி ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மறுநாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

15. முறுக்கு, அப்பளம், பிஸ்கட் நமத்துப்போனால் கெட்டதில்லை. வெறும் வாணலியில் சிறு தீயில் புரட்டி, ஆறிய பின் டப்பாவில் போடுங்கள். எண்ணெய் சிக்கு அடித்தால் மட்டும் காப்பாற்ற வழியில்லை.

16. தேன் சர்க்கரையாகப் பூத்துவிட்டால் கலப்படமும் இல்லை, கெட்டதும் இல்லை. பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி வையுங்கள், இளகிவிடும். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் தேன் தடவுவதை, பெரியவர்கள் வருத்தப்பட்டாலும், தடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத பொட்டுலிச வித்துகள் பச்சிளம் வயிற்றில் முளைத்துவிடும்.

17. பாக்கெட்டில் இரண்டு விதமாகத் தேதி போடுகிறார்கள். 'எக்ஸ்பயரி' அல்லது 'யூஸ் பை' என்றால் அந்த நாளுக்குப் பிறகு தொடக் கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது மணமும் மொறுமொறுப்பும் நன்றாக இருக்கும் கெடு; அது தாண்டிய மறுநாளே சேமியா விஷமாகிவிடாது. இரண்டுமே பிரிக்காத பாக்கெட்டுக்குத்தான். பிரித்த பிறகு அச்சடித்த தேதியைப் பார்த்துப் பயனில்லை. நீங்கள் பிரித்த தேதியை மேலே எழுதி வையுங்கள். உப்பிப்போன டப்பாவையும் ஜூஸ் பாக்கெட்டையும் ருசி கூடப் பார்க்க வேண்டாம்.

18. ஃப்ரிட்ஜ் கெடுவதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. உள்ளே 4 டிகிரி இருக்கட்டும். கதவுத் தட்டுதான் அதிகம் சூடேறும் இடம். பாலை அங்கே வைக்காமல் உள்தட்டில் வையுங்கள். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதவரை நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். ஊருக்குப் போவதற்கு முன் ஒரு கிண்ணத் தண்ணீரை உறைய வைத்து, ஐஸ் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது; அந்த மீனையும் கறியையும் சமைக்காதீர்கள்.

19. இத்தனைக்கும் பிறகு யாருக்காவது வயிறு கெட்டுவிட்டால், முதல் வேலை உடம்பில் நீர் வற்றாமல் பார்ப்பது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அளவு மாறக் கூடாது, உப்பு கூடினால் குழந்தைகளுக்கு அதுவே கேடு. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது, சோர்ந்து மயங்குவது, பார்வை மங்குவது, இதில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றால் அதற்காகக் கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே 108-ஐ அழையுங்கள்.